ஒரு கட்டம், இரண்டு விடை

1957 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வழங்கியது. இரண்டு வழக்கிலும் ஒரு தரப்பில் நின்றவர் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா. பெங்களூரிலிருந்து வெளிவந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற வாரப் பத்திரிகை வழியாகக் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி நடத்திய நிறுவனத்தை நிறுவியவர் அவர். ஒரு தீர்ப்பைத் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதினார். சூதாடியின் புலம்பலாக அமைந்த ரிக்வேதப் பாடல், மகாபாரதம், மனு, யாக்ஞவல்கியர் என்று வரிசையாகச் சாட்சிக்கு அழைத்து, சூது இந்த நாட்டில் என்றுமே கௌரவமான வியாபாரமாக இருந்ததில்லை என்று நிறுவினார். மற்றதை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். தீட்சிதர் கிருதிகளில் ஆழ்ந்த புலமை கொண்டவர், 1944இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். பல்லவியின் கணக்கு வழக்கு அறிந்த ஒருவரிடம் கட்டங்களின் கணக்கு வழக்கும் வந்து சேர்ந்தது தற்செயல்தான், என்றாலும் பொருத்தம். பென்சிலும் அழிப்பானும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நிரப்புகிற சாதுவான கட்டங்கள், தருமனின் பகடைக்குப் பக்கத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றது எப்படி என்று இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், நல்ல பொழுதுபோக்கு ஒன்றைப் பேராசை கெடுத்துவிட்டது, சட்டம் வந்து அதைத் திருத்தியது என்பது. எனக்கு இது பொருந்துவதாகப் படவில்லை. நம் நாட்டில் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள்வரை கொடிகட்டிப் பறந்த பரிசுக் குறுக்கெழுத்து, கெட்டுப்போன குறுக்கெழுத்தே அல்ல. அது வேறு வம்சம். குறுக்கெழுத்து பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்த ஒரு பந்தயம், பின்னால் வந்த குறுக்கெழுத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டது. இதற்கான சாட்சியைச் சட்டப் புத்தகங்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. கட்டங்களுக்குள்ளேயே, குறிப்புகள் எழுதப்பட்ட விதத்திலேயே அது இருக்கிறது.

குறுக்கெழுத்தின் பிறப்புக் கதை பலரும் அறிந்தது. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த ஆர்தர் வின், ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் 1913 டிசம்பர் 21 இணைப்பில் வைர வடிவக் கட்டம் ஒன்றை வெளியிட்டார். பரிசு ஏதும் கிடையாது. 1924இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற புதுப் பதிப்பகம், பென்சில் ஒன்றையும் சேர்த்துக் கட்டி, முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தை வெளியிட்டது. அமெரிக்கா பைத்தியம் பிடித்ததுபோல வாங்கியது. ‘நியூயார்க் டைம்ஸ்’ அதே ஆண்டு இதை நேரத்தைப் பாவமாக விரயம் செய்யும் வேலை என்று தலையங்கத்தில் கடிந்துகொண்டது. பிறகு 1942இல் தானே வெளியிடத் தொடங்கியது. லண்டன் ‘டைம்ஸ்’ 1930 பிப்ரவரியிலேயே வழிக்கு வந்துவிட்டது. இந்தச் சண்டை முழுக்கப் பொழுது வீணாவதைப் பற்றியது. பணம் வீணாவதைப் பற்றி அங்கே எவரும் புகார் சொல்லவில்லை.

பணத்தின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. சிரில் ஆர்தர் பியர்சன், பின்னாளில் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கியவர், 1890களின் தொடக்கத்தில் தன் வாரப் பத்திரிகையில் ‘விடுபட்ட சொல்’ போட்டி ஒன்றை நடத்தினார். ஒரு பத்தி அச்சாகும். அதில் ஒரு சொல்லுக்குரிய இடம் காலியாக இருக்கும். ஒரு ஷில்லிங் கட்டணத்துடன் சொல்லை எழுதி அனுப்ப வேண்டும். ‘சரியான’ சொல் முன்கூட்டியே உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டிருக்கும். வசூலான தொகை முழுவதும் சரியாக எழுதியவர்களுக்குப் பங்கு. அந்த இடத்தில் இலக்கணப்படியும் பொருள்படியும் பத்துச் சொற்களாவது பொருந்தும். அவற்றில் எது உறைக்குள் இருக்கிறது என்பதே போட்டி. 1893இல் பார்க்ளே எதிர் பியர்சன் வழக்கில் இது லாட்டரிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரையிட்ட உறை, நுழைவுக் கட்டணம், பல சொற்கள் பொருந்தும் காலியிடம் ஆகிய மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வரலாம்.

எஸ்.எஸ். வாசன் 1928இல் ‘ஆனந்த விகட’னை வாங்கினார். முப்பதுகளின் தொடக்கத்தில் அவர் அறிமுகப்படுத்திய குறுக்கெழுத்துப் போட்டி, பத்திரிகையின் விற்பனையை ஏற்றிவிட்டதில் பெரும் பங்கு வகித்தது. கூடவே, வாசகர்களைச் சூதாட்டத்துக்குப் பழக்குகிறார்கள் என்ற கண்டனமும் எழுந்தது. அந்தக் காலப் பரிசுப் போட்டிகளின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பத்திரிகையில் கட்டத்தோடு கூப்பன் இருக்கும். அதை வெட்டி, நிரப்பி, ஒரு தீர்வுக்கு இத்தனை அணா என்று கட்டணம் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒருவர் எத்தனை தீர்வு வேண்டுமானாலும் அனுப்பலாம். எல்லாம் சரியாக இருந்தால் முதல் பரிசு, ஒரு பிழைக்கு இரண்டாவது, இரண்டு பிழைக்கு மூன்றாவது. சரியான தீர்வு முன்னதாகவே உறையிலிடப்பட்டுப் பத்திரமான இடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கும். அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: ஆசிரியரின் தீர்ப்பே முடிவானது.

அந்தக் கடைசி வரியில் சற்று நிற்க வேண்டும். ஒழுங்கான குறுக்கெழுத்துக்கு இந்த வரி தேவையே இல்லை. ‘சமுத்திரத்தையே கொறிக்கலாமே! (3)’ என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். விடை ‘கடலை’. கடல் என்ற சொல் ஐ உருபு ஏற்றாலும் கடலை. வறுத்து மடித்துக் கொடுப்பதும் கடலை. விடை பிடிபட்ட அந்தக் கணத்தில் மனதுக்குள் ஒரு ‘அட!’ எழும். அதன் பிறகு எந்த ஆசிரியரும் எந்த உறையும் வந்து அது சரி என்று சொல்லத் தேவையில்லை. பரிசுப் போட்டியின் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். மாதிரிக்கு நானே ஒன்று செய்கிறேன்: ‘இது உள்ளவனை உலகம் மதிக்கும்: ப – ம்’. பணம் என்பீர்கள். பலம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் சரி, இரண்டும் தப்பாகவும் ஆகலாம். நடுவில் வரவேண்டியது ணவா லவா என்று தீர்மானிக்க, குறிப்பில் ஏதும் இல்லை, அகராதியிலும் இல்லை. உறைக்குள்தான் இருக்கிறது.

இங்கே குறுக்கெழுத்து அறிந்தவர் உடனே கேட்பார்: குறுக்கே போகும் சொல் எதற்கு இருக்கிறது? அது அந்த எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடாதா? நல்ல கேள்வி. குறுக்கெழுத்து என்ற பெயருக்கே காரணம் அதுதான். ஒரு சொல் இன்னொரு சொல்லுக்குச் சாட்சி. ஆகவே பரிசுக் கட்டத்தை அமைப்பவர் முதலில் அந்தச் சாட்சியைக் கலைத்தாக வேண்டும். ஐயத்துக்குரிய எழுத்து விழும் கட்டத்தில் வேறு எந்தச் சொல்லும் குறுக்கிடக் கூடாது. அல்லது குறுக்கிடும் சொல்லும் இரண்டு எழுத்துக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாமல் இரட்டை விடையைக் காப்பாற்ற முடியாது. அதாவது, குறுக்கெழுத்தின் உயிர்நாடி எதுவோ அதைக் கவனமாக அறுத்துவிட்டுத்தான் பரிசுப் போட்டி கட்டப்பட்டது. மிஞ்சியது சட்டமும் கறுப்புக் கட்டங்களும். உள்ளே இருந்தது பியர்சனின் காலியிடம்.

குறிப்பு எழுதியவரின் கவனக்குறைவால் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. கணக்கு விடாது. பத்துக் குறிப்புகளுக்குத் தலா இரண்டு விடை பொருந்தினால் மொத்தம் 1,024 வெவ்வேறு தீர்வுகள். ஒரு தீர்வுக்கு நான்கணா என்றால் 256 ரூபாயில் அத்தனையையும் அனுப்பி முதல் பரிசை உறுதிசெய்துவிடலாம். குறிப்புகள் பதினாறானால் தீர்வுகள் 65,536. ஒருவர் கைக்கு அடங்காது. ஐம்பதாயிரம் கூப்பன்கள் வந்து குவிந்தாலும் முழுக்கச் சரியான தீர்வு ஒன்றிரண்டு தேறினால் ஆச்சரியம். பரிசு சிதறாமல் ஒருவர் கையில் மொத்தமாக விழ வேண்டும், அந்த ஒருவரின் படம் அடுத்த இதழில் வர வேண்டும், அதைப் பார்த்து இன்னும் பல ஆயிரம் பேர் கூப்பன் வெட்ட வேண்டும். இதுதான் தொழில். ஐயமே அற்ற குறிப்புகளை எழுதினால் படித்தவர்களில் பாதிப்பேர் சரியாக நிரப்பிவிடுவார்கள். பரிசுப் பணம் ஆளுக்குச் சில அணாவாகக் கரைந்துபோகும். ஆகவே இரட்டை விடை என்பது அந்த வண்டியின் பழுது அல்ல, எஞ்சினே அதுதான்.

இங்கிலாந்தில் இதையே 1930களில் தலைமை நீதிபதி ஹெவார்ட் பிரபு, கோல்ஸ் எதிர் ஓடம்ஸ் பிரஸ் வழக்கில் கண்டுகொண்டார். எங்கோ மறைத்து வைத்த குறியை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சுடும் வாய்ப்புக்காகச் சில பென்ஸ் வசூலிக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். 1957இல் நம் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பைத் துணைக்கு எடுத்துக்கொண்டது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, சில வலுவானவை. தேர்ந்த போட்டியாளர் குருட்டாம்போக்கில் நிரப்பவில்லை, பழைய விடைகளைச் சேர்த்துவைத்து ஆசிரியரின் மனப்போக்கை ஆராய்ந்தார், அதுவும் ஒரு திறமைதானே என்பார்கள். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் எதில் திறமை? 1936இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் பங்குச் சந்தையை விளக்க ஒரு பத்திரிகைப் போட்டியை உவமையாக எடுத்தார். நூறு படங்களில் அழகான முகங்களைத் தேர்வு செய்யச் சொல்கிறார்கள். பரிசோ, பெரும்பாலோர் தேர்வோடு ஒத்துப்போகிறவருக்கு. ஆகவே யாரும் தனக்கு அழகாகப் பட்டதைச் சொல்வதில்லை, பிறர் என்ன சொல்வார்கள் என்றே யோசிக்கிறார்கள். பரிசுக் குறுக்கெழுத்தில் அந்தப் ‘பிறர்’ உறையை ஒட்டியவர் ஒருவரே. தமிழ் அறிவு இங்கே ஒரு கட்டம்வரை உதவும். அதற்கு மேல் அது பாரம். தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்குப் பொருந்தும் சொற்கள் இன்னும் நான்கு கூடுதலாகத் தோன்றும், அவ்வளவுதான்.

இரண்டாவது எதிர்வாதம் என்னைச் சற்றுத் தயங்க வைப்பது. கூப்பனுக்காக வாங்கிய கைகளில் கதையும் கட்டுரையும் சேர்ந்தே போயின. கல்கி போன்ற எழுத்தாளர்களுக்கு அதுவரை இல்லாத அளவில் வாசகர் கூட்டம் கிடைத்ததில் இந்தப் போட்டிகளுக்கும் பங்குண்டு. சூது வளர்த்த தமிழ் வாசிப்பு என்று ஒரு அத்தியாயம் எழுதினால் தவறில்லை. ஆனால் இது கூப்பனின் விளைவைப் பற்றிய வாதம்; கூப்பன் என்ன என்பதைப் பற்றியதல்ல. குதிரைப் பந்தயத்தில் வந்த பணத்தில் கோயில் கட்டினாலும் பந்தயம் பந்தயம்தான். தவிர, கூப்பன் வெட்டிய பிறகு எத்தனை வீட்டில் இதழைப் புரட்டினார்கள் என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

அரசுகளுக்குக் கணக்கு வேறு திசையில் கண்ணில் பட்டது. பம்பாய் மாகாணம் 1948இல் லாட்டரிகளுக்கும் பரிசுப் போட்டிகளுக்கும் கட்டுப்பாடும் வரியும் விதித்தது. வெளி மாநிலத்தில் அச்சாகும் பத்திரிகை பம்பாயில் கூப்பன் வசூலித்தால் அதற்கும் வரி உண்டு என்று 1952இல் திருத்தினார்கள். சமர்பாக்வாலாவின் நிறுவனம் மைசூர் மாநிலத்தில் பதிவானது. வழக்கு அந்தத் திருத்தத்திலிருந்துதான் கிளம்பியது. 1955இல் நாடாளுமன்றமே பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. சென்னை, ஆந்திரம், பம்பாய் உள்ளிட்ட மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அது வந்தது. மாதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது. அதற்குக் குறைவாக இருந்தாலும் உரிமம் வேண்டும், இரண்டாயிரம் தீர்வுகளுக்கு மேல் வாங்கக் கூடாது. 1956 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. எஞ்சின் எது என்று சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. குறிப்பு எப்படி எழுத வேண்டும் என்று அவர்கள் உபதேசம் செய்யவில்லை. கூப்பன் குவியலின் மேல் கை வைத்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் கட்சிக்கு முக்கியமான சாட்சி. வெங்கடராம ஐயரின் தீர்ப்பு சட்டத்தை நிலைநிறுத்தியபோதே ஒரு கதவையும் திறந்துவிட்டது: இந்தச் சட்டம் சூதாட்டத் தன்மை கொண்ட போட்டிகளுக்கு மட்டுமே, வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்ததாக இருந்தால் அந்தப் போட்டியை அது தொடாது. அப்படியானால் உண்மையான, ஒரே விடை கொண்ட, மூளையைக் கசக்க வைக்கிற குறுக்கெழுத்துக்கு லட்ச ரூபாய் பரிசு வைத்திருந்தாலும் இந்தச் சட்டப்படி குற்றமில்லை. போட்டி நடத்தியவர்கள் அதுவரை நடத்தியது அறிவுப் போட்டிதான் என்றால், மறு வாரமே அந்தக் கதவு வழியாக நுழைந்திருக்கலாம். ஆனால் பழைய அளவில் பரிசுக் குறுக்கெழுத்து மறுபடி தலையெடுக்கவில்லை. முன்பு பார்த்த கணக்குதான் காரணம். ஒரே விடை என்றால் பரிசு கரையும், பரிசு கரைந்தால் கூப்பன் வராது. எதை இழக்கச் சம்மதிக்கவில்லை என்பதைப் பார்த்தால், எதை விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

இதற்கிடையில் குறுக்கெழுத்து நமக்குப் புதிதா என்று கேட்கிறவர்களும் உண்டு. தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவிகளில் சக்கரம், நாகபந்தம், எப்பக்கம் படித்தாலும் அதே பாட்டு வரும் சருப்பதோபத்திரம் எல்லாம் கட்டங்களில் எழுத்தைப் பொருத்தும் வித்தைதானே என்பார்கள். அழகான வித்தை, சந்தேகமில்லை. ஆனால் சித்திரக்கவியில் கவிராயர் நிரப்பி முடித்துவிடுகிறார். படிப்பவர் வியந்தால் போதும். குறுக்கெழுத்தோ பாதி செய்து நிறுத்திய பொருள். மறுபாதி வாசகருடையது. பழம்பெருமைக்காக இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்குமே நியாயம் செய்தவராக மாட்டோம்.

தமிழ்க் கட்டத்துக்கு உண்மையாகவே சொந்தமான சிக்கல் இன்னொன்று. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து. எதுவும் எங்கும் வரலாம். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று வைத்தால் 247இல் ஒன்று. ‘கொ’ என்று தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டாலே பாதி விடை கையில். அதோடு எந்தத் தமிழ்ச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஆனால் ‘ம்’மிலும் ‘ல்’லிலும் ‘ன்’னிலும் முடிகிறவை ஏராளம். கட்டத்தின் வலது மேல் மூலையைப் பாருங்கள். இடமிருந்து வலமாக வந்த ‘மரம்’ அங்கே முடிகிறது. அதே மூலையிலிருந்து கீழே இறங்க ஒரு சொல் வேண்டும். ‘ம்’மில் எதைத் தொடங்குவது? தமிழ்க் கட்டம் அமைத்தவர்கள் கண்ட வழி எளிமையானது: கீழிருந்து மேலாக ஒரு சொல்லை ஏற்றி, அதையும் அந்த மூலையிலேயே முடித்துவிட்டார்கள். ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று நம் வார இதழ்களில் இன்றும் காணும் தலைப்புகள் விளையாட்டுக்காக மட்டும் வந்தவையல்ல, புள்ளி எழுத்து கொடுத்த நெருக்கடிக்கும் அவை மருந்து. பரிசுப் பணம் போன பிறகு யாரும் கவனிக்காத நேரத்தில் கைவினை இப்படி வளர்ந்துகொண்டிருந்தது. திருமணத் தரகர் போன வீட்டில்தான் மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்கிறார்கள்.

1957 தீர்ப்புகள் மட்டும் ஓயவில்லை. 1967இல் ரம்மி திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் கிண்டி குதிரைப் பந்தயம் பற்றிய கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் சமர்பாக்வாலா துணைக்கு வந்தார். இணையச் சீட்டாட்டத்துக்குத் தமிழக அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தபோதும் அதே பழைய கேள்விதான் நடுவில் நின்றது: திறமையா, அதிர்ஷ்டமா? கோடிகள் புரளும் அந்த வழக்குகளின் கட்டுக்களைப் புரட்டினால் எங்கோ ஒரு மூலையில் நான்கணா கூப்பன் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சட்டையை இரவல் தந்த குறுக்கெழுத்தோ வார இதழின் பின்பக்கத்தில், ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. உறை இல்லை, முத்திரை இல்லை. விடைகள் அதே பக்கத்தின் அடியில், தலைகீழாக, பொடி எழுத்தில்.